உஸ்தாதின் குறையை யார் சொல்வது?

"பிள்ளைக்கு ஓதல் ஏறவே மாட்டேன் என்கிறது." திருப்பூரிலும் அதைச் சுற்றியுள்ள மங்கலம், பல்லடம், அவிநாசி போன்ற ஊர்களிலும் மக்தபு வாசல்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. உஸ்தாது சொல்கிறார், தாய் ஆமாம் என்கிறார், பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. குறை பிள்ளையுடையது என்பதில் மூவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. "இந்தப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்லிக்கொடுக்க எனக்கு வரவில்லை" என்று ஓர் உஸ்தாது வாய்விட்டுச் சொல்லி, அதை ஜமாஅத்தார் கேட்டதாக நாம் அறிவது வெகு அபூர்வம்.

உஸ்தாதுமார்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் வாங்கும் சம்பளம் என்ன, அதற்காக அவர்கள் செய்யும் வேலை என்ன என்பதை ஜமாஅத்தார் அறிவார்கள். ஐந்து வேளைத் தொழுகையும் நடத்தி, ஜனாஸாவுக்கும் நிக்காஹுக்கும் ஓடி, மிச்ச நேரத்தில் அலிஃப் பா ஓதும் பிள்ளையையும் முழுக் குர்ஆனையும் முடிக்கப்போகும் பிள்ளையையும் ஒரே பாயில் உட்காரவைத்து ஓதிக்கொடுப்பது எளிதான காரியமல்ல. மேலும் கற்பிக்கிறவர் என்றால் மதரஸா உஸ்தாது மட்டும் அல்லவே! அடுப்படியில் யஸ்ஸர்னல் குர்ஆனை விரித்துவைத்துப் பிள்ளையை அதட்டும் தாயும் கற்பிக்கிறவர்தான். கைமடிக்க வந்த பையனுக்கு டீ இடைவேளையில் ஓவர்லாக் மிஷின் பழக்கும் டெய்லரும் கற்பிக்கிறவர்தான். ஆகவே இந்தக் கேள்வி எல்லோருக்கும் பொதுவானது: கற்பிக்கிறவர் தம் கற்பித்தலில் உள்ள குறையை எப்படி அறிந்துகொள்வது?

மற்றத் தொழில்களில் இது பெரிய கேள்வியே அல்ல. பனியன் கம்பெனியில் தைத்த பீஸ் அப்படியே பெட்டிக்குள் போய்விடுவதில்லை. செக்கிங் மேஜைக்குப் போகிறது. தையல் விட்டிருந்தால் டெய்லரிடமே திரும்பி வருகிறது. அவர் எவ்வளவு பெரிய டெய்லராக இருந்தாலும் அதைப் பிரித்துத் தைத்துத்தான் ஆகவேண்டும்; அதில் அவருக்கு அவமானமும் இல்லை. ஏற்றுமதியில் தள்ளுபடியான பீஸுக்குக்கூடக் காதர்பேட்டையில் ஒரு விலை இருக்கிறது. உஸ்தாதுடைய வேலைக்குச் செக்கிங் மேஜை எங்கே? பிள்ளை பயத்தினால் வாய் திறக்காது. தகப்பனார் மரியாதையினால் வாய் திறக்கமாட்டார். ஜமாஅத்து நிர்வாகிகளோ, உஸ்தாது நேரத்துக்கு வந்தாரா, லீவு எத்தனை எடுத்தார் என்று பார்ப்பார்களே தவிர, ஓதியது பிள்ளையின் உள்ளத்தில் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பவர் குறைவு. அரசாங்கமும் பார்ப்பதில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுத்தது. 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் இச்சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டன. நமக்குக் கிடைத்த சலுகை என்று சிலர் இதை எண்ணுகிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர் இல்லாத இடத்தில் உள்ளிருந்து பார்ப்பது இரட்டிப்புக் கடமையாகிறது.

மனிதன் தன் குறையைத் தானே அறிந்துகொள்ளும் வழிகளைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தங்கள் இஹ்யாவில் தனியாகவே பேசியிருக்கிறார்கள். நான்கு வழிகளைச் சொல்கிறார்கள். உள்ளத்தின் நோய்களை அறிந்த ஷைகு ஒருவரிடம் தன்னை ஒப்படைப்பது ஒன்று. முகத்துக்கு நேரே உண்மை பேசும் சிநேகிதரைத் தன்மேல் காவலாக வைத்துக்கொள்வது மற்றொன்று. விரோதியின் வாயிலிருந்து தன் குறையைக் கேட்டறிவது மூன்றாவது. மக்களோடு கலந்து பழகி, பிறரிடம் காணும் குறை தன்னிடமும் உண்டா என்று பார்ப்பது நான்காவது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஸல்மான் (ரலி) அவர்களிடம் தம் குறையைச் சொல்லும்படி வற்புறுத்திக் கேட்டதையும், விரிப்பில் இரண்டு வகைக் கறி வைத்தது, பகலுக்கொன்றும் இரவுக்கொன்றுமாக இரண்டு உடை வைத்திருந்தது பற்றிக் கேள்விப்பட்டதாக அவர்கள் சொன்னதையும் இமாம் அவர்கள் அங்கே எடுத்துக்காட்டுகிறார்கள்.

இந்த நான்கும் எல்லா மனிதருக்கும் பொருந்தும். ஆனால் கற்பிக்கிறவருடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவருடைய ஷைகு வேலூரிலோ வேறு எங்கோ இருக்கிறார், அல்லது மௌத்தாகிவிட்டார். சிநேகிதர் அவர் ஓதிக்கொடுக்கும் இடத்தில் வந்து உட்காருவதில்லை. விரோதி குறை சொல்லத்தான் செய்கிறார். ஆனால் நம் ஊர்களில் அது ஜமாஅத்துக் கட்சிச் சண்டையோடு கலந்து வருவதால், அதில் உள்ள உண்மையும் சண்டையோடு சேர்த்துத் தள்ளப்பட்டுவிடுகிறது. நான்காவது வழி மட்டும் எஞ்சுகிறது. அதோடு, கற்பிக்கிறவருக்கு மட்டும் உரிய ஐந்தாவது வழி ஒன்றும் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது அவரிடம் ஓதிய பிள்ளைகளே.

திருப்பூர்வாசிகளுக்கு இதை விளங்கவைப்பது எளிது. குலாம் காதர் போன்ற முன்னோடிகள் பின்னல் தொழிலைக் கொண்டுவந்த ஊர் அல்லவா! வட்டப் பின்னல் மிஷினில் நூற்றுக்கணக்கான ஊசிகள் வட்டமாக நிற்கின்றன. நூலில் கோளாறு இருந்தால் துணியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டை விழும். ஆனால் ஓர் ஊசியின் கொக்கி வளைந்துவிட்டால் துணியின் நீளம் முழுவதும், ஒரே இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும். 'நீடில் லைன்' என்பார்கள். அந்தக் கோட்டைக் கண்ட மிஷின்காரர் நூலைத் திட்டுவதில்லை. எத்தனை கோன் மாற்றினாலும் அந்தக் கோடு போகாது என்பது அவருக்குத் தெரியும். மிஷினை நிறுத்தி ஊசியை மாற்றுகிறார்.

ஒரு பிள்ளை ஓரிடத்தில் தடுக்கினால் அது பிள்ளையின் தடுக்கலாக இருக்கலாம். பத்து வருஷமாக வந்துபோன பிள்ளைகள் எல்லோரும் அதே இடத்தில் தடுக்கினால்?

உதாரணமாக, வுளூவின் பர்ளுகள் எத்தனை என்று கேளுங்கள். ஹனஃபி மத்ஹபுப் பிள்ளை நான்கு என்றும், ஷாஃபி மத்ஹபுப் பிள்ளை ஆறு என்றும் பாட்டுப்போல ஒப்பித்துவிடும். அதே பிள்ளையிடம், "ஜமாஅத்து நடக்கிறது, நீ மூன்றாவது ரக்அத்தில் போய்ச் சேர்கிறாய், இமாம் ஸலாம் கொடுத்த பிறகு என்ன செய்வாய்?" என்று கேட்டால் விழிக்கும். ஒரு பிள்ளை அல்ல, வரிசையாக எல்லாப் பிள்ளைகளும் விழிக்கும். வேலை விட்டு ஓடிவந்து பிந்திச் சேருவதே வழக்கமாகப் போகிற ஊரில், பிள்ளைக்கு நாளைக்கு மிகவும் தேவைப்படும் மஸ்அலா இது. எண்ணிக்கை ஏறியிருக்கிறது, செய்முறை ஏறவில்லை என்றால் அது பிள்ளையின் மந்தபுத்தி அல்ல. நாம் எதைக் கேட்டுக் கேட்டுச் சோதித்தோமோ அது ஏறியிருக்கிறது. நாம் கேட்காதது ஏறவில்லை.

இன்னொன்று. 'ரமளான்', 'பர்ளு', 'வுளூ' என்று நம் நாவில் ளகரமாகவோ ழகரமாகவோ வரும் அரபு எழுத்து, வடநாட்டுப் பிள்ளையின் நாவில் 'ரம்ஜான்' என்றும் 'பர்ஜ்' என்றும் ஜகரம்போல வருகிறது. இன்று பீஹாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்காரும்போது, இந்தப் பிள்ளை ஓதுவதைக் கேட்டு அந்தப் பிள்ளை சிரிக்கிறது. அது ஓதுவதைக் கேட்டு இது சிரிக்கிறது. இதை எந்தப் பிள்ளையும் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பாட்டனார்களின் உஸ்தாதுமார்கள் காலத்திலிருந்து வாய்க்கு வாய் வந்த கோடு அது. சரியான மக்ரஜு எது என்ற ஆராய்ச்சியைத் தஜ்வீது அறிந்த ஆலிம்களுக்கு விட்டுவிடுவோம். தம் நாவில் இருப்பதே எழுத்து என்று நம்பியிருந்த உஸ்தாதுக்கு, அது தம்முடைய உஸ்தாதின் நாவு என்று தெரியவருகிறதே, அதுதான் இங்கே முக்கியம். அதை அவருக்கு உணர்த்துவது இரண்டு பிள்ளைகளின் சிரிப்பு!

ஆனால் பிள்ளையைப் பார்த்தே குறையை அறியலாம் என்பது சொல்வதற்குத்தான் எளிது. பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவது மனித சுபாவம். இதற்கு ஸஹாபாக்களின் காலத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. ஹஜ்ரத் முஆது இப்னு ஜபல் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களோடு இஷா தொழுதுவிட்டுத் தம் கூட்டத்தாரிடம் சென்று அவர்களுக்கு இமாமாக நின்று தொழுவிப்பது வழக்கம். ஓர் இரவு அவ்வாறு நின்றவர்கள் சூரத்துல் பகராவைத் தொடங்கிவிட்டார்கள். குர்ஆனிலேயே மிக நீண்ட சூரா. பின்னால் நின்றவர்களில் ஒருவர் பகலெல்லாம் ஒட்டகத்தால் நீர் இறைத்து உழைத்துவிட்டு வந்தவர். தாங்கமுடியாமல் பிரிந்து தனியே தொழுதுவிட்டுப் போய்விட்டார். செய்தி முஆது (ரலி) அவர்களுக்கு எட்டியபோது, அவர் முனாஃபிக் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தொழிலாளி நேரே பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்று, தாங்கள் பகலில் கையால் உழைத்து நீர் இறைப்பவர்கள் என்று முறையிட்டார். பெருமானார் (ஸல்) அவர்கள் முஆது (ரலி) அவர்களைப் பார்த்து, மக்களைக் குழப்பத்தில் ஆழ்த்துகிறவரா நீர் என்று மூன்று முறை கேட்டு, வஷ்ஷம்ஸி, ஸப்பிஹிஸ்ம போன்ற சிறிய சூராக்களை ஓதும்படி கட்டளையிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது.

இதை நிதானமாக யோசிக்கவேண்டும். முஆது (ரலி) அவர்களுக்கு இல்மில் குறைவா? ஹலால் ஹராமை நன்கு அறிந்தவர் என்று பெருமானாரே சிலாகித்த ஸஹாபி அவர்கள். இக்லாஸில் குறைவா? அல்லாஹ்வின் கலாமை நீட்டி ஓதவேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு ஒன்றும் அவர்கள் கல்பில் இல்லை. இல்மும் இருந்தது, நிய்யத்தும் சரியாக இருந்தது, அப்படியிருந்தும் கண்டிக்கப்பட்டார்கள். ஏன்? பின்னால் நிற்பவர் எங்கிருந்து வந்து நிற்கிறார் என்பது கவனத்தில் வரவில்லை. அது மட்டுமல்ல. மனிதர் விலகிப் போனவுடன் குறை அவருடையது என்று முடிவாகிவிட்டது. மக்தபு வாசலில் நாம் கேட்கும் பேச்சும் இதுதானே!

ஒன்றரை ஷிஃப்டு என்றால் காலை எட்டரைக்குக் கம்பெனியில் நுழைந்தவர் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார். ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கும் மேலே போகும். தாயும் தகப்பனும் இருவரும் இப்படிப் போய்வருகிற வீட்டில் அடுப்பு மூட்டுவதே இரவில்தான். பிள்ளை சாப்பிட்டுப் படுக்கப் பத்தோ பதினொன்றோ ஆகிறது. ஃபஜ்ருக்குப் பிறகு மக்தபில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை தூங்கி விழுந்தால், அதற்குச் சோம்பேறி என்ற பெயர் அரை நிமிஷத்தில் கிடைத்துவிடுகிறது. அந்த வீட்டின் கடிகாரத்தை யாரும் விசாரிப்பதில்லை.

கற்பிக்கிறவர் தம்மைத் தாமே சோதிக்கவேண்டும் என்று நம் கிதாபுகள் வற்புறுத்துகின்றன. அந்தச் சோதனை பெரும்பாலும் நிய்யத்தைப் பற்றியே. இதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே பெரும் சாட்சி. பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் முந்நூறு மாணவர்கள் சூழ உட்கார்ந்து பாடம் நடத்தியவர்கள். அந்நாளில் ஓர் ஆலிம் அடையக்கூடிய அந்தஸ்தில் அதற்குமேல் ஒன்றில்லை. ஹிஜ்ரி 488, அதாவது கி.பி. 1095இல், தம் நிய்யத்தைத் துருவிப் பார்த்து, கற்பிப்பது அல்லாஹ்வுக்காக அல்ல, புகழுக்காகத்தான் என்று கண்டார்கள். ஆறு மாத காலம் போவதா இருப்பதா என்று தவித்து, ஒரு கட்டத்தில் நாவே எழாமல் பாடம் நின்றுபோயிற்று. வைத்தியர்கள் கைவிட்டார்கள். பிறகு அந்தப் பதவியை உதறிவிட்டு டமாஸ்கஸுக்குப் புறப்பட்டார்கள். பல வருஷங்கள் கழித்து ஹிஜ்ரி 499இல் நைஸாபூரில் மீண்டும் கற்பிக்க உட்கார்ந்தபோது, முன்பு புகழைத் தேடித்தரும் இல்மைக் கற்பித்ததாகவும், இப்போது புகழைக் கைவிடச் செய்யும் இல்மைக் கற்பிப்பதாகவும் தம் சரிதையில் எழுதினார்கள்.

இதைப் படிக்கும்போது யாருக்கும் உள்ளம் உருகும். ஆனால் நம் ஊர் உஸ்தாதுக்கு இதிலிருந்து ஓர் ஆபத்தும் உண்டு என்று சொன்னால் கோபிக்கவேண்டாம். எட்டாயிரமோ பத்தாயிரமோ வாங்கிக்கொண்டு, புகழ் என்றால் என்னவென்றே அறியாமல் ஓதிக்கொடுக்கும் ஒருவர் தம் நிய்யத்தைச் சோதித்துப் பார்த்தால் அது பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். "அல்ஹம்து லில்லாஹ், நாம் அல்லாஹ்வுக்காகத்தான் ஓதிக்கொடுக்கிறோம்" என்று அவர் அமைதியடைந்துவிடுவார். சோதனை அங்கேயே முடிந்துவிடும். நிய்யத்தில் குறை இருந்தவருக்கு அது உள்ளே பார்த்ததும் தெரிந்தது. முஆது (ரலி) அவர்களின் விஷயமோ வேறு. எத்தனை முறை உள்ளே பார்த்தாலும் அது தெரிந்திருக்காது. ஏனெனில் குறை உள்ளே இல்லை. அது ஒட்டகக்காரரின் களைத்த காலில் இருந்தது. அவர் போய் முறையிடாமல் இருந்திருந்தால்?

நல்ல எண்ணத்தோடு ஒருவர் மோசமாகக் கற்பித்தால் அவர்மேல் குற்றம் உண்டா என்ற கேள்விக்கு நம் எண்ணம் இதுவே: அறியாதவரை குற்றம் இல்லாமல் இருக்கலாம், அறிந்துகொள்ள முயலாமல் இருப்பதில் குற்றம் உண்டு. அல்லாஹு அஃலம்.

பிரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள், வயிற்று வலி என்று ஏய்க்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. இப்னு கல்தூன் அவர்கள் 1377இல் எழுதிய முகத்திமாவில் கற்பிப்போரின் கடுமையைப் பற்றித் தனி அத்தியாயமே வைத்திருக்கிறார்கள். கடுமையில் வளரும் பிள்ளையின் உற்சாகம் போய்ச் சோம்பல் வந்துவிடுகிறது, அடிக்குப் பயந்து பொய்யும் பாசாங்கும் பழகிவிடுகின்றன, நாளடைவில் அதுவே சுபாவமாகிவிடுகிறது என்பது அவர்கள் கூற்றின் கருத்து. நீடில் லைன் என்று சொன்னோமே, இதைவிடத் தெளிவான கோடு வேண்டுமா? ஒரு மக்தபில் எல்லாப் பிள்ளைகளும் பொய் சொன்னால் பிள்ளைகளை விசாரிப்பதற்கு முன் பிரம்பை விசாரிக்கவேண்டும். தொழுகைக்கு நடுவே தெரியாமல் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. தொழுகை முடிந்தபின் விளக்கிச் சொன்னார்கள். அவர்களைவிட அழகாகக் கற்பிக்கும் ஒருவரைத் தாம் கண்டதேயில்லை என்று அந்த ஸஹாபி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சரி, குறை தெரிந்துவிட்டது. அதன்பிறகு? தமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள விஷயமாக இருந்தால் தவ்பா செய்துகொண்டால் போதும். இங்கே நடுவில் ஒரு பிள்ளை இருக்கிறது. பதின்மூன்று வயதில் அடிக்குப் பயந்தோ வெட்கப்பட்டோ ஓதலை விட்டுப் போனவன் இன்று இருபத்தைந்து வயதுக்காரனாகப் பவர்டேபிளில் உட்கார்ந்திருக்கிறான். பிந்திச் சேர்ந்த தொழுகையை முடிக்கத் தெரியாது. கேட்கவும் வெட்கம், அதனால் ஜும்ஆவுக்கு மட்டும் வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போகிறான். அடியார்களின் ஹக்கு என்று நாம் சொல்வது கொடுக்கல் வாங்கலை மட்டும் அல்லவே. இவனுக்குச் சேரவேண்டிய பாக்கி ஒன்று நிற்கிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை லீவில் இருக்கும் இப்படிப்பட்டவர்களை, பாடம் நடத்தப்போவதாகச் சொல்லாமல், ஒரு டீக்கு அழைத்து உட்காரவைத்து, "ஓதியதில் உனக்கு விளங்காமல் போனது எது தம்பி?" என்று கேட்கிற உஸ்தாதுக்கு, வேறு எந்தச் செக்கிங் மேஜையும் தேவைப்படாது. பத்துப் பேரைக் கேட்டால் ஒரே பதில் ஆறு ஏழு பேரிடமிருந்து வரும். அந்த ஒரே பதிலைத்தான் அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளையிடம் போய்க் குறையைக் கேட்டால் உஸ்தாதின் கண்ணியம் போய்விடாதா என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். அதபு இல்லாத காலம் என்பதால் அந்தப் பயம் நியாயமானதே. ஆயினும் நம் முன்னோர்களிடம் அந்தப் பயம் காணப்படவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தூரதேசத்திலிருந்து கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது என்றே பதில் சொல்லி அனுப்பினார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இராக்கில் கற்பித்த பல மஸ்அலாக்களை எகிப்துக்கு வந்தபின் மாற்றிக்கொண்டார்கள். பழைய சொல், புதிய சொல் என்று இரண்டையும் பெயரிட்டு இன்றும் மதரஸாக்களில் ஓதுகிறார்கள். இதனால் அவர்கள் கண்ணியம் குறைந்ததா? நம் கடற்கரை ஊர்களெல்லாம் அந்த இமாமைத்தான் பின்பற்றுகின்றன.

முஆது (ரலி) அவர்களின் விஷயம் அதற்கும் மேலானது. தொழிலாளி ஒருவரின் முறையீட்டின் பேரில் கண்டிக்கப்பட்ட அந்த ஸஹாபியைத்தான், பிறகு பெருமானார் (ஸல்) அவர்கள் யமன் நாட்டு மக்களுக்குத் தீனைக் கற்பிக்கத் தேர்ந்தெடுத்தார்கள். அபூமூஸா (ரலி) அவர்களும் அனுப்பப்பட்டார்கள். மக்களுக்கு இலேசாக்கும்படியும், கஷ்டமாக்க வேண்டாம் என்றும், நற்செய்தி கூறும்படியும், வெருட்டி ஓட்டிவிட வேண்டாம் என்றும் இருவருக்கும் உபதேசித்து அனுப்பினார்கள். யமனுக்குச் சென்ற முஆது (ரலி) அவர்கள் மதீனாவுக்குத் திரும்பியபோது பெருமானார் (ஸல்) அவர்கள் உயிரோடு இல்லை.